உயிர் பணயமாகும் வேலைகளில் சூழ்நிலை விழிப்புணர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தின் காக்பிட், ஆபரேஷன் தியேட்டர், அணுமின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூம், எரிகிற கட்டடம், நடுக்கடல் எண்ணெய்த் தளம். இந்த இடங்களில் ஏதாவது விபரீதம் நடந்தால், விசாரணை அறிக்கையில் ஒரு வாக்கியம் எப்படியும் தலைகாட்டும்: "பணியாளர்கள் சூழ்நிலை விழிப்புணர்வை இழந்தனர்." அப்படியென்றால் என்ன, எதை இழந்தார்கள், எப்படி இழந்தார்கள் என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது. சில கேள்விகளுக்குப் பதில் நீளும். சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

சூழ்நிலை விழிப்புணர்வு என்றால் என்ன?

என்ன நடந்துகொண்டிருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம், இன்னும் கொஞ்ச நேரத்தில் என்ன ஆகப்போகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வேலை செய்பவரின் மனதில் ஓடும் படம்தான் சூழ்நிலை விழிப்புணர்வு. போர் விமானிகளிடையே புழங்கிவந்த பேச்சு இது. இதை ஒரு கோட்பாடாக வடித்துக் கொடுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் மிக்கா எண்ட்ஸ்லி. 1988-இல் வரையறையை முன்வைத்து, 1995-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். பின்னாளில், 2013 முதல் 2015 வரை, அமெரிக்க விமானப்படையின் தலைமை விஞ்ஞானியாகவும் இருந்தார்.

"விழிப்புணர்வு" என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு விழிப்பாக இருப்பது, தூங்காமல் இருப்பது, உஷாராக இருப்பது என்றுதான் தோன்றும். அது வேறு. முழு உஷாராக, வியர்க்க விறுவிறுக்க வேலை பார்த்துக்கொண்டே முற்றிலும் தவறான படத்தை மனதில் வைத்திருக்க முடியும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் பாதிப் பதில்கள் இதைச் சுற்றித்தான் வருகின்றன: படம் தவறாக இருந்தாலும் சரியாக இருந்தாலும், அதை வைத்திருப்பவருக்கு உள்ளுக்குள் ஒரே மாதிரிதான் இருக்கும். தவறான படத்துக்கென்று தனி நிறமோ மணமோ கிடையாது.

மூன்று நிலைகள் என்கிறார்களே, அவை எவை?

கவனிப்பது, புரிந்துகொள்வது, முன்னுணர்வது.

ஒரு ஆபரேஷன் தியேட்டரை எடுத்துக்கொள்வோம். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் மானிட்டரைப் பார்க்கிறார். சற்று முன்பு 78 ஆக இருந்த நாடித்துடிப்பு 96 ஆகி, இப்போது 112. ரத்த அழுத்தம் லேசாக இறங்கியிருக்கிறது. தரையோரம் இருக்கும் உறிஞ்சு கருவியின் பாட்டில் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. இவ்வளவும் கண்ணில் பட்டால் அது முதல் நிலை. வெறும் தகவல்கள்தான், ஆனால் அவை உள்ளே வந்து சேர்ந்துவிட்டன.

தனித்தனியாகப் பார்த்தால் நாடித்துடிப்பு ஏறுவதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். வலி மருந்து போதாமல் இருக்கலாம், மயக்கம் லேசாகியிருக்கலாம். ஆனால் இறங்கும் அழுத்தத்தையும் நிரம்பும் பாட்டிலையும் சேர்த்து வைத்து, "எதிர்பார்த்ததைவிட அதிகமாக ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது" என்று அவர் முடிவுக்கு வந்தால் அது இரண்டாம் நிலை.

அப்புறம் மூன்றாவது. இதே வேகத்தில் போனால் சிறிது நேரத்தில் அழுத்தம் தடாலென்று விழும்; ரத்த வங்கியிலிருந்து ரத்தம் வந்து சேர நேரம் பிடிக்கும்; ஆகவே இப்போதே சொல்லி அனுப்ப வேண்டும், அறுவை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நோயாளி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் மருத்துவர் ஏற்கெனவே பத்து நிமிடம் முன்னால் போய் நின்றுகொண்டிருக்கிறார். முன்னுணர்வது என்பது இதுதான்.

ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று படிப்படியாகத்தான் போகுமா?

இல்லை. படிக்கட்டு போலப் படம் போட்டுக் காட்டுவதால் வந்த குழப்பம் இது. நிஜத்தில் மேலிருந்து கீழேயும் போகும். ரத்தம் அதிகம் போகலாம் என்று முதலிலேயே எதிர்பார்க்கும் மருத்துவரின் கண் தானாகவே அந்தப் பாட்டில் பக்கம் போகும். எதிர்பார்க்காதவருக்கு அது அறையின் மூலையில் கிடக்கும் ஒரு சாமான். எதைப் பார்க்க வேண்டும் என்பதையே நம் எதிர்பார்ப்புதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதனால் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு.

எண்ட்ஸ்லியே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். முதல் நிலையில் எல்லாத் தகவலும் சேர்ந்தால்தான் இரண்டாம் நிலைக்குப் போக முடியும் என்று அவர் சொல்லவில்லை. தகவல் விடுபட்ட இடத்தை அனுபவத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்வதும் நடக்கிறது.

எந்த நிலையில் தவறுகள் அதிகம்?

விமானத் துறையில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தாங்களாக முன்வந்து கொடுத்த சம்பவ அறிக்கைகளை டெப்ரா ஜோன்ஸும் எண்ட்ஸ்லியும் ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கணக்குப்படி, சூழ்நிலை விழிப்புணர்வுத் தவறுகளில் சுமார் 76 சதவீதம் முதல் நிலையிலும், 20 சதவீதம் இரண்டாம் நிலையிலும், 3 சதவீதம் மூன்றாம் நிலையிலும் நடந்தவை. அதாவது முக்கால்வாசி நேரம், தேவையான தகவல் மூளைக்குப் போய்ச் சேரவே இல்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு "அப்படியானால் எல்லாரும் நன்றாகக் கவனித்தால் போதும்" என்று கிளம்பிவிடக்கூடாது. தகவல் சேராததற்கு ஆள் மட்டும் காரணமில்லை. கருவியில் அந்தத் தகவலே இல்லாமல் இருக்கலாம், இருந்தும் படிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கலாம், படித்தும் மறந்திருக்கலாம். இவை எல்லாமே அந்த 76-க்குள் அடக்கம்.

முதல் நிலை சறுக்கலுக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 1972 டிசம்பர் 29 இரவு மயாமி அருகே நடந்தது. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401. தரையிறங்கும் நேரத்தில் முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடியில் ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு, காக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்கோடு மல்லுக்கட்டினார்கள். யாரும் அறியாமல் ஆட்டோபைலட்டின் உயரக் கட்டுப்பாடு விலகிவிட்டது. உயரம் குறைவதை எச்சரிக்கும் ஒலி கேட்டது. யார் காதிலும் விழவில்லை. விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. பல்புதான் ஃபியூஸ் போயிருந்தது.

கண் முன்னால் இருப்பது எப்படித் தெரியாமல் போகும்?

ஒன்றில் கவனம் குவிந்தால் மற்றது மறையும். டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999-இல் செய்த சோதனை பிரசித்தம்: பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னபோது, நடுவே கொரில்லா வேடத்தில் நடந்துபோனவரை ஏறக்குறைய பாதிப் பேர் பார்க்கவே இல்லை. "அவர்கள் சாதாரண ஆட்கள், நிபுணர்கள் அப்படி ஏமாற மாட்டார்கள்" என்று நினைத்தால் அதற்கும் பதில் இருக்கிறது. 2013-இல் வெளியான ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் கட்டி தேடும் கதிரியக்க மருத்துவர்களுக்கு ஒரு கொரில்லா படத்தை உள்ளே ஒளித்து வைத்துக் கொடுத்தார்கள். 24 பேரில் 20 பேர் தவறவிட்டார்கள். அவர்களில் பலரின் பார்வை அந்த இடத்தின் மீதே விழுந்திருந்தது.

நேரமும் ஒரு காரணம். ரேடார் ஆபரேட்டர்களுக்காக நார்மன் மேக்வொர்த் செய்த சோதனையில் (1948), அரிதாக வரும் சிறு மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் திறன் முதல் அரை மணி நேரத்திலேயே கணிசமாகக் குறைந்தது. சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. மனித மூளை அப்படித்தான். எட்டு மணி நேரம் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டே இரு என்று ஒருவரை உட்கார வைப்பவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் பார்த்தும் தவறாகப் புரிந்துகொள்வது எப்படி?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பிடித்த என்பதைவிடத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி என்று சொல்லலாம்.

1989 ஜனவரி 8, இங்கிலாந்தின் கெக்வொர்த். புத்தம் புதிய ரக போயிங் 737-400. இடது இன்ஜினின் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. விமானம் அதிர்ந்தது, காக்பிட்டில் புகை வாசனை. எந்த இன்ஜின் என்று விமானிகள் யோசித்து வலது என்று முடிவு செய்து அதன் வேகத்தைக் குறைத்தார்கள். அவர்கள் பறந்து பழகிய பழைய ரக விமானத்தின் காற்று அமைப்பு பற்றிய நினைவும் (புகை வந்தால் அது வலது இன்ஜினிலிருந்துதான் என்ற எண்ணம்) அந்த முடிவுக்குத் துணைபோனது. இங்கேதான் விதி விளையாடியது. அதிர்வும் புகையும் குறைந்தன! வலது இன்ஜினைக் குறைப்பதற்காக ஆட்டோத்ராட்டிலை, அதாவது இன்ஜின் விசையைத் தானாகச் சீராக்கும் அமைப்பை, விடுவித்தபோது, பழுதான இடது இன்ஜினுக்குப் போன கூடுதல் எரிபொருளும் சேர்ந்து குறைந்ததால் அது கொஞ்சம் அடங்கியது. விமானிகளுக்கோ, தாங்கள் செய்தது சரி என்று விமானமே சொன்னது போலாயிற்று. நன்றாக இருந்த இன்ஜினை முழுதாக அணைத்துவிட்டு, பழுதானதை நம்பிச் சுமார் இருபது நிமிடம் பறந்தார்கள். இறங்கும்போது அதற்கு வேகம் கூட்ட, அது கைவிட்டது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். அதிர்வைக் காட்டும் கருவி காக்பிட்டில் இருந்தது. ஆனால் அளவில் சிறியது; பழைய ரகங்களில் அதை நம்ப முடியாது என்று விமானிகளிடையே ஒரு பேச்சும் இருந்தது.

இன்னொரு வகை, கருவியே பொய் சொல்வது. 1979 மார்ச் 28, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தத்தை வெளியேற்றத் திறந்த ஒரு வால்வு மூடவேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் ரூமில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. "வால்வு மூடிவிட்டது" என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு காட்டியது "மூடு என்ற கட்டளை போய்விட்டது" என்பதை மட்டுமே. வால்வு மூடியதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. உள்ளே நீர் மட்டம் அதிகமாகத் தெரிந்ததால் நீர் கூடிவிட்டது என்று நினைத்து, குளிர்விக்க வந்துகொண்டிருந்த நீரையும் குறைத்தார்கள். உண்மையில், திறந்தே கிடந்த அந்த வால்வு வழியாக நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தன. உலையின் கருப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் அதுதான் நடந்தது. சண்டையின் நடுவே இருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், தன்னை நோக்கி ஒரு விமானம் தாக்க இறங்கி வருகிறது என்று நம்பி ஏவுகணை வீசியது. அது ஈரான் ஏர் 655, பயணிகள் விமானம். 290 பேர் மாண்டார்கள். கப்பலின் சொந்தக் கணினிப் பதிவுகளின்படி அந்த விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எண் திரையில் சரியாகவே இருந்தது. எதிரி வருகிறான் என்ற படம் அந்த எண்ணைத் திருப்பிப் படிக்க வைத்தது.

முன்னுணர்வது அனுபவசாலிகளுக்கு மட்டும் கைவருமா?

பெரும்பாலும் ஆம். தீயணைப்பு அதிகாரிகளை 1980-களில் ஆராய்ந்த உளவியலாளர் கேரி க்ளைன், அவர்கள் பல வழிகளை வரிசையாக நிறுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்று கண்டார். "இது இந்த மாதிரித் தீ" என்று அடையாளம் கண்டதுமே அடுத்து என்ன செய்வது என்பது மனதில் வந்துவிடுகிறது. செய்தால் என்ன ஆகும் என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள், சரி என்றால் இறங்கிவிடுகிறார்கள்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜின்களும் செயலிழந்தபோது கேப்டன் செஸ்லி சல்லன்பர்கர் செய்ததும் இதுதான். மோதலிலிருந்து ஹட்சன் ஆற்றில் இறங்கும் வரை ஏறத்தாழ 208 விநாடி. திரும்பிப் போனால் விமான நிலையத்தை எட்ட முடியாது என்பதை அந்த நேரத்துக்குள் கணித்தார். 155 பேரும் பிழைத்தார்கள். "திரும்பியிருக்கலாமே" என்று பின்னால் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். மோதிய உடனே திரும்பினால் சில தடவை முடிந்தது. நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்குத் தேவைப்படும் 35 விநாடியைச் சேர்த்ததும் விமானம் ஓடுபாதையை எட்டவில்லை.

ஆனால் அனுபவம் மட்டும் காப்பாற்றிவிடாது. 1978 டிசம்பர் 28, போர்ட்லண்ட் அருகே யுனைடெட் 173. சக்கரக் கோளாறைச் சரிபார்த்துக்கொண்டே சுமார் ஒரு மணி நேரம் வானில் சுற்றினார்கள். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்பது முள்ளில் தெரிந்தது, பேச்சிலும் வந்தது. "அப்படியானால் இன்னும் எத்தனை நிமிடம்?" என்ற கணக்குதான் யார் மனதிலும் உறைக்கும்படி ஓடவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். கேப்டன் நீண்ட அனுபவம் உள்ளவர்.

எனக்குப் படம் தப்பிவிட்டது என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

நேராகத் தெரியாது. மேலே சொன்னதுதான், தவறான படம் தவறாகத் தோன்றாது. சுற்றி வளைத்துச் சில தடயங்கள் கிடைக்கும். இரண்டு கருவிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நடக்க வேண்டியது நடக்க வேண்டிய நேரத்தில் நடக்கவில்லை. நான்கு பேரும் ஒரே பொருளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேரம் எவ்வளவு ஆனது என்று கேட்டால் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி ஒன்று உண்டு: பொருந்தாத ஒரு தகவல் வந்ததும் அதற்கு உடனே ஒரு சமாதானம் கண்டுபிடிப்பது. "அந்த மீட்டர் எப்பவும் அப்படித்தான்." 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளத்தில், கிணறு சரியாக அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையில் வந்த எண்கள் பொருந்தவில்லை. குழாயில் அழுத்தம் இருக்கக்கூடாது, இருந்தது. அதற்கு ஒரு விளக்கம் சொல்லப்பட்டது, ஏற்கப்பட்டது, வேலை தொடர்ந்தது. அன்றிரவு வெடித்ததில் 11 பேர் இறந்தார்கள். பொருந்தாத எண்ணுக்கு விளக்கம் சொல்வதற்கு முன்னால், "இந்த எண் உண்மையாக இருந்தால் என்ன நடந்துகொண்டிருக்க வேண்டும்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

தானியங்கிக் கருவிகள் வந்தபின் இது சுலபமாகியிருக்க வேண்டுமே?

வேலைப்பளு குறைந்திருக்கிறது. ஆனால் உளவியலாளர் லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே சுட்டிக்காட்டிய முரண் இன்னும் அப்படியே இருக்கிறது: சுலபமான வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அதனால் முடியாத மிகக் கடினமான தருணத்தை மனிதன் தலையில் கட்டுகிறோம். அதுவும் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்த மனிதன் தலையில். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

2009 ஜூன் 1, ஏர் பிரான்ஸ் 447. அட்லாண்டிக் மேலே, இரவு. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்ததும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. கையில் எடுத்த விமானி மூக்கை உயர்த்தினார். விமானம் தாங்குவிசையை இழந்து விழத் தொடங்கியது. இன்னொரு கொடுமை: வேகம் மிகவும் குறைந்தபோது கணினி அந்த அளவீட்டையே நம்பாமல் எச்சரிக்கை ஒலியை நிறுத்திவிட்டது. மூக்கைத் தாழ்த்தினால், அதாவது சரியானதைச் செய்தால், எச்சரிக்கை மறுபடி ஒலித்தது! ஆட்டோபைலட் விலகியதிலிருந்து கடலில் விழும் வரை 4 நிமிடம் 23 விநாடி. விழுகிறோம் என்பது தெரிந்தும் ஏன் விழுகிறோம் என்பது கடைசிவரை அவர்களுக்குப் பிடிபடவில்லை. 228 பேரும் இறந்தார்கள்.

குழுவாக வேலை செய்யும்போது எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம், முடியவும் முடியாது. அவரவர் வேலைக்கு வேண்டியது அவரவருக்குத் தெரிய வேண்டும். இருவருக்கும் பொதுவான இடத்தில் இருவர் படமும் ஒத்துப்போக வேண்டும். சிக்கல், தெரிந்தவரிடமிருந்து தெரிய வேண்டியவருக்கு அது போய்ச் சேருவதில்தான். கெக்வொர்த்தில், "வலது இன்ஜினில் கோளாறு" என்று கேப்டன் அறிவித்தபோது, இடது பக்கம் நெருப்புப் பொறிகளைப் பார்த்த பயணிகள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். மயாமியில், உயரம் 900 அடி என்று ரேடாரில் கண்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் உயரத்தைக் குறிப்பிட்டுக் கேட்காமல், எல்லாம் எப்படிப் போகிறது என்று பொதுவாக விசாரித்ததோடு விட்டுவிட்டார்.

2005-இல் இங்கிலாந்தில் ஒரு சாதாரண அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாயைச் செருக முடியவில்லை. மூன்று மூத்த மருத்துவர்கள் குழாயைச் செருகும் முயற்சியிலேயே மூழ்கிவிட்டார்கள். நேரம் போனதே தெரியவில்லை. தொண்டையில் துளையிடுவதற்கான கருவிகளைச் செவிலியர் ஒருவர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்லியும் பார்த்தார். அவருடைய மனதில் இருந்த படம்தான் சரி. ஆனால் அந்த அறையில் அதற்கு எடை இல்லை. அந்தப் பெண் சில நாட்களில் இறந்துபோனார். விமானியான அவருடைய கணவர், யாரையும் தண்டிக்கக் கேட்காமல், மருத்துவத்தில் இந்தப் பாடங்களைக் கொண்டுசெல்ல ஒரு அமைப்பைத் தொடங்கினார்.

பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கத் தயங்குவதை நாம் மரியாதை என்கிறோம். காக்பிட்டில் அது எச்சரிக்கை ஒலியை அணைத்து வைப்பதற்குச் சமம்.

ஷிஃப்ட் மாறும்போது ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறார்கள்?

எட்டு மணி நேரமாகச் சேர்த்த படத்தைப் பத்து நிமிடத்தில் இன்னொருவர் தலைக்கு மாற்றுகிறோம், அதனால். 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தளம். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிஃப்டுக்குப் போகவில்லை. மற்ற பம்பு நின்றதும் இதை இயக்கினார்கள். வால்வு இல்லாத இடத்தில் வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

அதே சமயம் புதிதாக வருபவருக்கு ஒரு நன்மை உண்டு. பழைய படத்தின் மேல் அவருக்குப் பாசம் கிடையாது. திரீ மைல் ஐலண்டில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக யாருக்கும் புரியாத கசிவை நிறுத்தியது, அப்போதுதான் உள்ளே வந்த ஒரு மேற்பார்வையாளரின் யோசனைதான்: அந்த வால்வுக்கு முன்னால் இருக்கும் அடைப்பு வால்வை மூடிப் பார்ப்போமே. ஆகவே பொறுப்பை ஒப்படைக்கும்போது "என்ன நடந்தது" என்பதோடு நிறுத்தாமல், "எனக்கு எது புரியவில்லை" என்பதையும் சொல்லிவிட்டுப் போவது உத்தமம்.

நல்ல விழிப்புணர்வு இருந்தால் நல்ல முடிவு வந்துவிடுமா?

உத்தரவாதம் இல்லை. படம் சரியாக இருந்தும் கை தவறலாம், விதிமுறை குறுக்கே வரலாம், ஆள் போதாமல் இருக்கலாம். படம் தவறாக இருந்தும் அதிர்ஷ்டத்தால் தப்பிக்கலாம். இரண்டாவது வகைதான் அடுத்த முறைக்கு ஆபத்து.

இதை அளக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் குறும்பான முறையில். எண்ட்ஸ்லி வகுத்த முறையில் சிமுலேட்டரை நடுவழியில் நிறுத்தி, திரைகளை எல்லாம் அணைத்துவிட்டுக் கேட்பார்கள்: இப்போது உங்கள் உயரம் என்ன? எந்த விமானம் உங்களுக்கு மிக அருகில்? அடுத்த சில நிமிடங்களில் எது சிக்கலாகும்? பதிலை நிஜ நிலவரத்தோடு ஒப்பிடுவார்கள். கேள்விகள் மூன்று நிலையையும் தொடும். நிறுத்துவதே வேலையின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்ற குறை உண்டு. அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்கும் முறைகளும் வந்தன. "உங்கள் விழிப்புணர்வுக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள்" என்னும் முறையும் இருக்கிறது. அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எதைத் தவறவிட்டோம் என்பது தெரிந்தால் தவறவிட்டிருக்கவே மாட்டோமே.

பயிற்சியால் வளர்த்துக்கொள்ளலாமா?

ஓரளவு. "கவனமாக இருங்கள்" என்று சுவரில் எழுதி ஒட்டுவதால் எதுவும் வளராது. வேலையின் அமைப்பை மாற்றினால் வளரும். அமெரிக்க விமானங்களில் 10,000 அடிக்குக் கீழே வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சே கூடாது என்ற விதி 1981 முதல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் செக்லிஸ்டில் 19 அம்சங்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, கத்தி வைப்பதற்கு முன்னால் எவ்வளவு ரத்தம் போகலாம், எந்தக் கட்டம் சிக்கலானது என்று அறுவை மருத்துவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்பது. ஒருவர் மனதில் மட்டும் இருந்த மூன்றாம் நிலை இப்படி அறைக்கே பொதுவாகிறது. அதற்கு முன்பே அங்கே எல்லாரும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளவும் வேண்டும். ஒருமுறை வாய் திறந்தவர், தேவைப்படும்போது இன்னொரு முறை திறப்பார்.

தனி ஆளாகச் செய்யக்கூடியது: வேலைக்கு நடுவே அவ்வப்போது நின்று, "அடுத்த பத்து நிமிடத்தில் எது கெடலாம், கெட்டால் முதலில் எங்கே தெரியும்?" என்று கேட்டுக்கொள்வது. மயக்க மருந்து மருத்துவர் அந்தப் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தது இப்படித்தான். பிரச்சினையில் நான்கு பேர் மூழ்கினால், ஐந்தாவது ஆள் கையை எடுத்துவிட்டு முழு நிலைமையையும் கடிகாரத்தையும் மட்டும் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் உதவும்.

இந்தக் கோட்பாட்டை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. உளவியலாளர் ஜான் ஃப்ளாக் 1995-லேயே எச்சரித்தார்: ஏன் தவறு செய்தார்? விழிப்புணர்வை இழந்ததால். இழந்தார் என்று எப்படித் தெரியும்? தவறு செய்தாரே! இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் அது விளக்கமே ஆகாது. பாதுகாப்பு ஆய்வாளர் சிட்னி டெக்கர் இன்னும் காட்டமாகப் பேசுபவர். முடிவு தெரிந்தபின் உட்கார்ந்து, "இதைக் கவனித்திருக்க வேண்டும்" என்று பட்டியல் போடுவது சுலபம்; அந்த நொடியில் அவர்களுக்கு எது முக்கியமாகத் தெரிந்தது, ஏன் அப்படித் தெரிந்தது என்று பார்ப்பதுதான் விசாரணை என்பது அவர் வாதம். நெவில் ஸ்டாண்டன் முதலான ஆய்வாளர்கள், விழிப்புணர்வு ஒரு தலைக்குள் இருப்பதில்லை, ஆட்களும் கருவிகளும் சேர்ந்த முழு அமைப்பிலும் பரவிக் கிடக்கிறது என்கிறார்கள். மூன்று நிலைகளும் கேள்வி கேட்க நல்ல கருவி. தீர்ப்பு எழுத மோசமான கருவி.

அப்படியானால் சம்பவ அறிக்கையில் "விழிப்புணர்வு இழப்பு" என்று காரணம் எழுதலாமா?

எழுதினால் அங்கேயே நிறுத்தாதீர்கள். எந்த நிலையில் என்று எழுதுங்கள். தகவல் சேரவில்லையா? எங்கே இருந்தது அந்தத் தகவல், எந்த அளவில், எந்தத் திரையில், அந்த நேரத்தில் அவருடைய கை என்ன செய்துகொண்டிருந்தது? சேர்ந்தும் தவறாகப் புரிந்ததா? அந்தத் தவறான புரிதலை உறுதிப்படுத்துவது போல வேறு என்ன நடந்தது? முன்னுணரவில்லையா? இதற்கு முன் அப்படி ஒன்றை அவர் பார்த்திருக்க வாய்ப்பு இருந்ததா? அப்புறம் அறையில் வேறு யாருக்காவது சரியான படம் இருந்ததா, இருந்தால் அவர் ஏன் பேசவில்லை, பேசியும் ஏன் கேட்கவில்லை?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி முடித்தபின் "விழிப்புணர்வு இழப்பு" என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது இல்லாமலேயே அறிக்கை முழுமையாக இருக்கும்.